தாஸை யாரும் புகழக் கூடாது

ஸ்கூட்டரை நிறுத்திய அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்து மரத்திலிருந்து சீட்டில் சொட்டிய மழைத்துளிகளைத் துடைத்தார். பிறகுதான் டீக்கடைக்குள் வந்தார். உட்காரப் போகும்போது துடைப்பவர்கள் உண்டு. இறங்கின பிறகு துடைப்பவர் சீக்கிரம் கிளம்ப நினைத்து வந்தவர்.

பெங்களூர் நீலசந்திராவில் பஸ் திரும்புகிற இடத்தை ஒட்டிய கடை அது. ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் மழை சாக்கடையை ரோட்டுக்கு அழைத்து வந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. பாய்லர் ஆவியும் பக்கத்துக் கடை வறுத்த மிளகாயும் ஒன்றாகி, உள்ளே வந்தவர் எல்லோரும் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

அவரும் தும்மினார். பிறகு கன்னடத்தில் கேட்டார். "தாஸ் இல்லியவனே அல்வா? ஹேகாடுத்தானெ?"

தாஸ் இந்த இடத்துக்காரன்தானே, எப்படி ஆடுகிறான் என்று.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியாள். கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான கன்னடம். பதில்களும் கன்னடத்தில்தான் போயின. நான் இங்கே தமிழில் தருகிறேன்.

"தாஸா? கரண்ட் கம்பம் சார். நட்ட இடத்துல நிப்பான்."

"பந்து அவன்கிட்ட வந்தா கும்பிடு போட்டு அனுப்பி வெச்சிடுவான். ரொம்ப மரியாதைக்காரன்."

கடைசியாக அன்வர் பாய். சிவாஜிநகர் மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்தவர், எங்கள் தெருக்காரர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சார், என் கடையில தொங்குற ஆட்டுக்காலுக்கு இருக்குற வேகம்கூட அவன் காலுக்குக் கிடையாது."

கடை சிரித்தது. வந்தவர் சிரிக்கவில்லை. "ஹௌதா?" என்றார். அப்படியா என்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, துடைத்த சீட்டில் ஏறிப் போய்விட்டார்.

அன்வர் பாய்க்கு ரொம்பத் திருப்தி. "நல்லா சொன்னோம்ல?" என்றார்.

அந்தப் பருவம் முழுக்க, தாஸைப் போல ஒரு ஆட்டக்காரன் பெங்களூரில் இல்லை என்று தொண்டை கட்டும்வரை வாதாடிய மனிதர் அவர்தான்.

நடந்துகொண்டே நடந்த வழக்கு

போன வாரம் இதே பத்தியில் பொம்மசந்திரா கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் கால்பந்தாட்டமெல்லாம் பார்த்ததில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன் ஐயா. ஆனால் ஆட்டத்தைவிட ஆட்டம் முடிந்து திரும்பி நடப்பதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்டேடியத்திலிருந்து ஆஸ்டின் டவுன் வழியாக நீலசந்திராவுக்கு நடந்தேதான் வருவோம். பஸ் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் பேச்சு முடிவதற்குள் ஸ்டாப் வந்துவிடும். சண்டையைப் பாதியில் இறக்கிவைக்க முடியாது என்பதால் கால்களைத் தேய்த்தோம். ஈரச் செருப்பு, வாயில் மசாலா கடலை, காதில் கத்தல். மரங்களிலிருந்து நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் மழை நின்ற பிறகும் மரம் நிறுத்தாது.

எங்கள் டீம் என்று நாங்கள் சொன்னது ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் டீம். எங்களில் ஒருத்தருக்கும் அங்கே வேலை இல்லை. தாஸ் அதில் ஆடினான். அது போதும்.

அவன் நம்பர் ஒன்பது. நடு முன்கள ஆள், ஸ்ட்ரைக்கர். கோல் போட வேண்டியவன். மழை ஆரம்பித்ததிலிருந்து அவன் ஒரு கோலும் போடவில்லை.

"ஸ்ட்ரைக்கர்னா இன்னாப்பா அர்த்தம்?" கணபதி அண்ணன் நடுரோட்டில் நின்று கேட்பார். ஆட்டோ ஓட்டுகிறவர். ஆனால் ஆட்டம் பார்க்க வரும் நாளில் ஆட்டோவை வீட்டில் விட்டுவிட்டு எங்களோடு நடப்பார். "பேங்க்ல கேஷியர் உக்காந்துகினு, நான் கேஷ் தரமாட்டேன், கூட்டத்தை நல்லா பாத்துக்கிறேன்னு சொன்னா ஒத்துக்குவியா?"

"அரே, கோல் மட்டும்தான் ஆட்டமா?" என்று அன்வர் பாய் பாய்வார். "நம்ம லெஃப்ட் விங் பையன் குட்டி கோலா போடுறான்ல, அது எப்படி விழுதுன்னு பாத்தியா நீ? தாஸ் ரைட் பக்கமா ஓடுறான். எதிர் டீம்ல நடுவுல நிக்கிற ரெண்டு ஸ்டாப்பரும் இவன் பின்னாடியே ஓடுறாங்க. நடு காலி. லெஃப்ட்ல இருந்து குட்டி உள்ள வரான். டக்குனு வெக்கிறான். சோறு ஆக்குனது யாரு? பரிமாறினது யாரு?"

"எனக்கு எலையில விழுந்தது யாரு கையில இருந்துன்னுதான் தெரியும்."

"உனக்குக் கண்ணு இருக்கு, நஜர் இல்லை கணபதி. பாக்கத் தெரியலை."

"உனக்கு நஜர் இருக்கு, கண்ணு இல்லை பாய்."

இப்படிப் போகும். ஒரு வாரம் விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். வாய்தா வாங்காத வழக்கு.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. எனக்கு அந்த வயதில் எல்லாமே சரியாகப் படும். இப்போது எதுவும் படுவதில்லை, அது வேறு விஷயம்.

பாஸ்கர் கழுத்தில் விழுந்த மாலை

இனி, அன்வர் பாய் ஏன் ஆட்டுக்காலைக் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தாஸுக்கு முன்னால் எங்கள் பகுதியில் பாஸ்கர் என்று ஒருவன் ஆடினான். விங்கில் ஓடுவான். ஓடுவான் என்று சொன்னால் போதாது. கோட்டு ஓரத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழித்த மாதிரி இருக்கும், பிறகு தூரத்தில் வெளிச்சம். ஒரு ஏப்ரலில் தெருமுனையில் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, அவனை மேலே ஏற்றி மாலை போட்டார்கள். "இவன் கால் தங்கக் கால்" என்று ஒரு பெரியவர் மைக்கில் சொன்னார். தங்கக் கால் என்ற சொல் தெருவெல்லாம் எதிரொலித்தது. அடுத்த ஆட்டத்தில் அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. உடைந்த சத்தம் கேலரியில் கேட்டது என்று சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்டிருக்காது. ஆனால் கேட்டதாகவே வைத்துக்கொள்ளலாம்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. நீலசந்திராவில் அதற்குப் பிறகு அது சட்டமானது. எங்களுக்குள் அடித்துக்கொள்ளலாம், புகழலாம், அழலாம். வெளியாள் காதில் மட்டும் நம் ஆட்டக்காரனைப் பற்றி நல்ல வார்த்தை விழக் கூடாது. குழந்தை கன்னத்தில் மை வைப்பது போல, தாஸ் பெயரின் மேல் நாங்கள் ஆளுக்கொரு கரிப்பொட்டு வைத்தோம். எவ்வளவு பிரியமோ அவ்வளவு பெரிய பொட்டு.

அன்வர் பாய்க்கு ரொம்பப் பிரியம். அதனால்தான் ஆட்டுக்கால்.

கணபதி அண்ணன் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தார். அவர் தாஸைத் திட்டுவது திருஷ்டிக்காக இல்லை. நிஜமாகவே திட்டினார். வெளியாளிடமும் திட்டுவார், தாஸிடமே திட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்.

வசந்தா டீக்கடைக்கு வந்தாள்

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில், தாஸின் மனைவி வசந்தா டீக்கடை வாசலில் வந்து நின்றாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைப்பவள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, புடவைத் தலைப்பில் நூல்பிசிறு. பெண்கள் அந்தக் கடைக்கு வருவதில்லை. பார்சல் வாங்கக்கூட யாரையாவது அனுப்புவார்கள்.

"பாய், உங்க கடை ஆட்டுக்கால் நல்லா ஓடுதாமே?"

அன்வர் பாய் எழுந்து நின்றுவிட்டார். "யாரும்மா சொன்னது?"

"அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்தவரு யாருன்னு நெனச்சீங்க? நாகராஜப்பா சார். ஃபேக்டரி ஸ்போர்ட்ஸ் கமிட்டிக்காரரு."

அவள் கத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொழிற்சாலையில் தாஸ் இன்னும் டெம்பரரிதான். அந்த வருஷம் டீமிலிருந்து ஒரே ஒரு ஆளை பர்மனெண்ட் செய்யப் போகிறார்கள். ஒன்று தாஸ், இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்திருந்த ஹூப்ளிக்காரன். கோல் போடாதவனுக்கு எதற்கு வேலை என்று கமிட்டியில் பாதிப் பேர். நாகராஜப்பா மட்டும்தான், அப்படி இல்லை, அவன் ஆட்டத்தில் வேறு ஏதோ இருக்கிறது, ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிற ஜனங்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். கிளம்பி, எங்கள் கடைக்கு வந்திருக்கிறார்.

"உங்க ஜனங்களே இப்படிச் சொல்றாங்களேப்பான்னு கேட்டாராம். இவரு இன்னா சொல்வாரு? தலையைக் குனிஞ்சிகினு வந்துட்டாரு."

"நாங்க திருஷ்டிக்காக..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"தெரியும். அது நம்ம தெருவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?" அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். "பர்மனெண்ட் ஆனா ஆஸ்பத்திரி கார்டு தருவாங்க. மழை வந்தா எங்க பொண்ணு மூச்சு இழுக்குறது உங்க வீடு வரைக்கும் கேக்குது இல்ல பாய்? போய்ச் சொல்லுங்க. இன்னா சொல்வீங்களோ, போய்ச் சொல்லுங்க."



சூதாட்டம் இல்லை, பரீட்சை

மறுநாள் கணபதி அண்ணனின் ஆட்டோவில் போனோம். அன்வர் பாய், அண்ணன், நான். எனக்குக் கன்னடம் கொஞ்சம் இலக்கண சுத்தமாக வரும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் என்னை யாரும் பேச விடவில்லை.

தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், நாகராஜப்பா நின்று கேட்டார்.

அன்வர் பாய் மடை திறந்தார். தாஸ் போல ஆட்டக்காரன் பம்பாயில் கிடையாது, கல்கத்தாவில் கிடையாது. அவன் ஓடினால் புல்லுக்கு வலிக்காது. அவன் தலையால் முட்டினால் பந்துக்கே சந்தோஷம். தாஸை இவ்வளவு புகழ்ந்து அவர் வெளியாளிடம் பேசியது அதுவே முதல் முறை. பேசிக்கொண்டிருக்கும்போதே பயத்தில் வலது கை தானாகப் போய் மரத்தைத் தொட்டுக்கொண்டது.

நாகராஜப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால். இன்றைக்குத் தேர்க்கால். நான் எதை நம்பட்டும்?"

பாய் திருஷ்டி விஷயத்தை விளக்கப் பார்த்தார். பாஸ்கர், மாலை, தங்கக் கால், எலும்பு. கன்னடமும் உருதும் கலந்து போனதில் பாஸ்கர் காலை உடைத்ததே நாகராஜப்பாதான் என்பது போல ஆகிவிட்டது.

அப்போதுதான் கணபதி அண்ணன் முன்னே வந்தார்.

"சார், இவங்க அன்னிக்குச் சொன்னதும் பொய், இன்னிக்குச் சொல்றதும் பொய். நான் சொல்றேன். இந்த சீசன்ல தாஸ் கோல் போடலை. அவன் மூஞ்சிக்கு நேரா நான் திட்டிகினுதான் வர்றேன். ஆனா குட்டி இவ்வளவு கோல் போடுறதுக்குத் தாஸ்தான் காரணம்ங்கிறாரு இந்த பாய். நான் நம்பலை. நீங்களும் முழுசா நம்பலை. கடைசி மேட்ச் ஜெயிச்சாலும் தோத்தாலும் லீக்ல டீம் அதே எடத்துலதான் இருக்கும். அதுல தாஸை வெளிய உக்கார வெச்சிப் பாருங்க. டீம் அப்பவும் கோல் போட்டா நான் சொன்னது சரி. முடியலைன்னா பாய் சொன்னது சரி. சூதாட்டம் இல்லை சார். பரீட்சை."

நாகராஜப்பா முதல் தடவையாகச் சிரித்தார். "நீங்கள் அன்றைக்கு ஏன் கடையில் இல்லை?" என்றார்.

திரும்பும்போது அன்வர் பாய் பின்சீட்டில் பொருமினார். "நீ காப்பாத்த வந்தியா, கழுத்தறுக்க வந்தியா?"

"ரெண்டும் இல்லை பாய். தெரிஞ்சிக்க வந்தேன்."

அன்று மாலை தாஸிடம் அண்ணனே போய்ச் சொன்னார். நானும் இருந்தேன். தாஸ் படியில் உட்கார்ந்து பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணை ஒரு ஆணியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டான்.

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா உக்காரு. நீ இல்லாம டீம் திணறணும். அதான் உன் வேலை."

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல். "வாயை மூடிகினு உக்காந்தா போதும்னு சொல்லுங்கண்ணா. நல்லா கேட்டுக்கட்டும்."

எங்கள் டீம் கோல் போடக் கூடாது

வாழ்நாளில் அப்படி ஒரு ஆட்டத்துக்குப் போனதில்லை. நாங்கள் போனது எங்கள் டீம் கோல் போடாமல் பார்ப்பதற்கு.

வானம் துவைத்துப் பிழியாத துணி போலத் தொங்கியது. கேலரி சிமெண்ட் படியில் குளிர் உடம்புக்குள் ஏறியது. தாஸ் கோட்டுக்கு வெளியே பெஞ்சில், ஜெர்சிக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களுக்கு நேர் கீழே. கொஞ்சம் தள்ளி நாகராஜப்பா.

அன்வர் பாய் சொன்னது போலத்தான் முதல் பாதி நடந்தது. தாஸ் இடத்தில் ஹூப்ளிக்காரன் நின்றான். நல்ல பலசாலி, பந்து வந்தால் விடமாட்டான். ஆனால் வரும்வரை நடுவிலேயே நின்றான். அவன் நின்றதால் எதிர் டீமின் இரண்டு ஸ்டாப்பர்களும் நடுவிலேயே நின்றார்கள். இடது பக்கத்திலிருந்து குட்டி உள்ளே வந்தபோதெல்லாம் அந்த இரண்டு பேர் மேல் போய் மோதினான். மோதினான், விழுந்தான், எழுந்தான். சேற்றில் அவன் சட்டை நம்பர் அழிந்துபோனது.

"பாத்தியா? பாத்தியா?" அன்வர் பாய் கிசுகிசுத்தார். சந்தோஷத்தைக் கத்தவும் முடியவில்லை அவருக்கு. நம் டீம் திணறுவதற்கு நாமே கை தட்டினால் பக்கத்தில் இருப்பவன் அடிப்பான். "தாஸ் இல்லை. நடு காலியாகலை. குட்டிக்கு வழியில்லை. இப்ப சொல்லு கணபதி."

கணபதி அண்ணன் முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி விழும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. பரீட்சை வைத்தவருக்கு டீம் திணறுவதைப் பார்க்க மனசு வரவில்லை.

இரண்டாம் பாதியில் தாஸ் துண்டை எடுத்து மடியில் வைத்தான். பிறகு பெஞ்சின் நுனிக்கு வந்தான். பிறகு எழுந்து நின்றான்.

"உக்காரு," என்று அன்வர் பாய் மேலிருந்து முணுமுணுத்தார். "உக்காருடா பேட்டா."

குட்டி மறுபடி விழுந்தான்.

தாஸ் கோட்டு வரைக்கும் போய்விட்டான். வாயருகே இரண்டு கைகளையும் குவித்தான். அவன் குரல் கேலரியெல்லாம் ஏறியது.

"குட்டி! லெஃப்ட்ல இருக்காத! ரைட்டுக்குப் போ! பந்து வேணாம், சும்மா ஓடு! ரெண்டு பேரையும் இட்டுகினு போ!"

குட்டி ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். தாஸ் இதுவரை ஓடின ஓட்டத்தை இப்போது அவனை ஓடச் சொல்கிறான். புரிந்தது. இடதிலிருந்து கிளம்பிக் குறுக்கே, வலது மூலையைப் பார்த்து, பந்தே இல்லாமல் ஓடினான். இத்தனை கோல் போட்டவனை விட மனமில்லாமல் ஸ்டாப்பர்கள் இரண்டு பேரும் அவன் பின்னால் ஓடினார்கள்.

நடு காலி. அங்கே ஹூப்ளிக்காரன் தனியாக நின்றான். பின்னாலிருந்து ஒருவன் பந்தை அவன் காலுக்கு அனுப்பினான். அவன் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. வைத்தான். வலை ஈரத்தை உதறியது.

கேலரியின் மற்ற பக்கங்கள் எல்லாம் எழுந்து கத்தின. எங்கள் வரிசை மட்டும் அப்படியே இருந்தது. அன்வர் பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கீழே தாஸ் இரண்டு கைகளையும் உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தான். குதித்தவன் பாதியில் நின்றான். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது போலிருந்தது. துண்டைத் தேடி எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

எங்கள் வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்தார். கணபதி அண்ணன். மைதானத்தைப் பார்த்து அல்ல, பெஞ்சைப் பார்த்துக் கை தட்டினார். ஈரக் கைகள், கனமான சத்தம். நிறுத்தவே இல்லை.

"யாருக்குத் தட்டுற?" என்றார் பாய்.

"கோல் போட்டவனுக்கு."

ஆட்டம் அதே ஒரு கோலில் முடிந்தது. வெளியே போகும் கூட்டத்தில் நாகராஜப்பா அண்ணன் அருகில் வந்தார். "ஏன் மாடோது?" என்றார். என்ன செய்வது என்று. "கத்தினது எனக்கும் கேட்டது. எனக்குத் தமிழ் தெரியும். ஆனால் கமிட்டியில் போய், கத்தினவனுக்கு வேலை கொடுங்கள் என்று நான் எப்படிச் சொல்ல? கோல் அந்தப் பையன் காலிலிருந்துதானே போனது."

"சொல்லிப் பாருங்க சார்," என்றார் அண்ணன்.

"சொல்கிறேன்," என்றார். சொன்னார் என்றுதான் பிறகு கேள்விப்பட்டோம்.

அன்றைக்குத் திரும்பி நடந்தபோது வழக்கில் வக்கீல்கள் இடம் மாறியிருந்தார்கள்.

"முட்டாள்," என்றார் அன்வர் பாய். "தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுகினான். ஆட்டம் தெரிஞ்சா மட்டும் போதுமா? வாயை மூடத் தெரியணும்."

"அப்ப இவ்வளவு நாளா எதுக்குப் பாய் அவனைப் புகழ்ந்தே? தனக்குக் கோல் வராட்டியும் டீமுக்கு வரணும்னு ஓடுறான்னுதானே? ஓடுனா புகழுவே, கத்துனா திட்டுவியா? ரெண்டும் ஒரே ஆள் பண்றதுதானே."

ஆஸ்டின் டவுன் தாண்டிய பிறகு பாய், "நக்கோ கணபதி," என்றார். "இன்னிக்கு வேணாம். இன்னிக்கு என்னால முடியாது."

வழக்கு வாய்தா வாங்கியது அன்றுதான்.

பஸ்ஸில் அவன் சொன்னது

ஹூப்ளிக்காரன் பர்மனெண்ட் ஆனான். நல்ல பையன், தாஸ் வீட்டுக்கு வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனான். தாஸின் டெம்பரரியை அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. சில மாதம் வெள்ளையடித்தான், சில மாதம் லாரியில் கிளீனராகப் போனான். பிறகு பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள் எடுத்தபோது நான் சூப்பர்வைசரிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. எட்டாத தூரத்தில் இருந்தது என்றாலும் இருந்தது.

காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். ஓசூர் ரோட்டில் பனி விலகாத நேரம். டீசல் வாசனை, முந்தின ஷிஃப்ட் தூங்கி எழுந்த சீட்டின் சூடு. ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் என்ன சொன்னாய் என்று.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்குள்ள யாரோ வந்து சொல்லிட்டாங்க. தட்டு வெச்சா. சோறு போடலை. கத்துனது நெசமான்னு கேட்டா. ஆமான்னேன். இன்னான்னு கத்துனேன்னு கேட்டா. சொன்னேன். புரியலை, காட்டுன்னா."

"எதை?"

"ஆட்டத்தைத்தான். அவ ஒரு மேட்ச் பாத்ததில்லை. தரையில வெச்சேன். ரெண்டு சொம்பு ரெண்டு ஸ்டாப்பர். டம்ளர் குட்டி. உப்பு டப்பா ஹூப்ளிக்காரன். டம்ளரை இந்தாண்ட தள்ளுனேன், சொம்பு ரெண்டையும் பின்னாடியே தள்ளுனேன்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தா. எல்லாத்தையும் பழைய எடத்துல வெச்சா. அவளே டம்ளரைத் தள்ளிப் பாத்தா. சொம்பைத் தள்ளிப் பாத்தா. நடுவுல வெறுந்தரையில கைய வெச்சி, இதான் உனக்கு அங்க இருந்து தெரிஞ்சிச்சான்னு கேட்டா. ஆமான்னேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"திட்டினாளா?"

"இல்லை. தெரிஞ்சா நீ கத்தாம எப்படி இருப்பேன்னு சொன்னா. அப்புறம், சரி, அந்த சொம்பை எடு, தண்ணி மோக்கணும்னா. சோறு போட்டா."